நட்சத்திரத்தை ஒட்டி வரும் உருபு

ஜான் குரூபர் மார்க்டவுன் என்ற எழுத்துக் குறிமுறையை வெளியிட்டது 2004 மார்ச்சில். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 1.0.1 என்ற எண்ணோடு ஒரு திருத்தம் வந்தது. அவர் கையிலிருந்து வந்த முறையான கடைசி வெளியீடு அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க அந்தக் குறிமுறையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உருவாக்கியவரோ தன் நிரலைத் தொடாமல் இருக்கிறார். கணினித் துறையில் இப்படி ஒரு பொருளைப் பார்ப்பது அபூர்வம். அங்கே எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும்.

நிரல் சின்னது. பெர்ல் மொழியில் ஒரே கோப்பு. அது செய்த வேலையும் சின்னதுதான். மின்னஞ்சலில் எழுத்தைச் சாய்க்கவோ தடிப்பாக்கவோ வழியில்லாத நாட்களில் ஆட்கள் தாங்களாகவே சில பழக்கங்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போடுவது, அடுத்தவர் சொன்னதை எடுத்துக்காட்டும்போது வரியின் முன்னால் ஓர் அம்புமுனை வைப்பது, பட்டியல் என்றால் சிறுகோடு, பத்தி முடிந்தால் ஒரு வெற்று வரி. இந்தப் பழக்கங்களைச் சட்டமாக்கி, வலைப்பக்கத்துக்கு வேண்டிய எச்டிஎம்எல்லாக மாற்றித் தந்தது அந்த நிரல். குரூபர் தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனை முக்கியமானது. எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வெளியிட்டாலும் கோப்பு வாசிக்கும்படி இருக்க வேண்டும், குறிகள் மொய்த்துக் கிடப்பதாகத் தெரியக் கூடாது. மாற்றித் தருகிற நிரல் செத்தாலும் எழுத்து பிழைக்கும் என்ற உறுதி இந்த நிபந்தனைக்குள்ளேயே இருக்கிறது.

இது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் நிரலில் புள்ளியோடு தொடங்கும் வரி கட்டளை, மற்றதெல்லாம் உரை. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் ஆவணம் தயாரிக்க உதவும் என்று சொல்லித்தான் புதுக் கணினிக்குப் பணம் வாங்கினார்கள். 1971இல் அதன் முதல் வாடிக்கையாளர்கள் அங்கிருந்த காப்புரிமைப் பிரிவின் தட்டச்சாளர்கள். 1992இல் டிட்பிட்ஸ் என்ற மின்னிதழுக்காக செட்டெக்ஸ்ட் வந்தது. 2002இல் டீன் ஆலனின் டெக்ஸ்டைல். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். எழுதுகிறவன் எழுத்தைப் பார்த்தபடி எழுத வேண்டும்.

குரூபருக்கு யோசனை சொல்லி உடனிருந்தவர் ஆரன் ஸ்வார்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 17. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2002இல், வலைத்தளங்களைச் சமையல்கட்டு மொழியில் இரண்டாகப் பிரித்து அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வாசகர் வந்து கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் திறந்து பக்கத்தைப் பொரித்துத் தருகிற தளம் ஒரு வகை. எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே சுட்டு அடுக்கிவிட்டு, வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்கிற தளம் இன்னொரு வகை. பொரிக்காதே, சுட்டு வை என்பது ஸ்வார்ட்ஸின் கட்சி. வேகம் அவருக்கு முதல் காரணம் இல்லை. தரவுத்தள மென்பொருளுக்குத் தினமும் பணிவிடை செய்துகொண்டிருக்க வேண்டாம், பக்கங்களை அள்ளி எந்தக் கணினியில் வைத்தாலும் அவை நிற்கும் என்பதுதான் காரணம். 2013 ஜனவரியில், 26 வயதில், அவர் இறந்துபோனார்.

சிறுபத்திரிகை ஒன்றின் பழைய இதழ்களை இணையத்தில் வைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் பேசத் தொடங்கியபோது வழக்கமான யோசனைதான் முதலில் வந்தது. வேர்ட்பிரஸ் போட்டுவிடலாம். 2003இலிருந்து இருக்கிற மென்பொருள், பலருக்கும் பழக்கம், சந்தேகம் கேட்டால் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர். நான் குறுக்கே விழுந்தேன். வேர்ட்பிரஸ் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. தமிழ் இலக்கியத் தளங்கள் எப்படிச் சாகின்றன என்று பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. ஆண்டுச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போய்விடுவார், அல்லது உடம்புக்கு முடியாமல் படுப்பார். தளத்தின் பெயர் காலாவதியாகும். வேறு யாரோ அதை வாங்குவார்கள். ஒரு நாள் பார்த்தால் நல்ல சிறுகதை ஒன்று இருந்த முகவரியில் ரம்மி விளையாடக் கூப்பிடுவார்கள். கதைகள் எங்கே என்றால், எங்கோ ஒரு சர்வரில், அந்த நண்பருக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த தரவுத்தளத்தில். பெரிய கம்பெனியை நம்பினாலும் கதி இதுதான். ஜியோசிட்டீஸ் 2009இல் போயிற்று. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் அங்கே நடந்த தமிழ் இலக்கியச் சண்டைகளை யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை என்றால் அவை போனவைதான். சண்டைகளில் பாதி போனதில் நஷ்டமில்லை என்பது வேறு விஷயம்.

அச்சிதழ் இப்படி ஒரே நாளில் சாவதில்லை. அதன் பலம் காகிதத்தில் இல்லை, பிரதிகளில் இருக்கிறது. முந்நூறு பேர் வீட்டுக்குப் போன இதழை ஒரே சந்தா தவறியதால் அழித்துவிட முடியாது. எழுத்துக் கோப்புகள் அடங்கிய ஓர் ஃபோல்டருக்கும் இந்தப் பலம் உண்டு. ஓர் இதழின் முழு எழுத்தும் யூனிகோடில் ஒரு கைபேசிப் படத்தைவிடக் குறைந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரதி வைத்திருப்பவர் நாளைக்கே தளத்தைப் புதிதாகக் கட்டிவிடலாம். எங்களிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை.

அதனால் சுட்டு வைக்கும் வழியையே எடுத்துக்கொண்டோம். ஒரு கட்டுரையின் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் மூன்று சிறுகோடுகள் இருக்கும். அடுத்து தலைப்பு, ஆசிரியர், இதழ் எண், மாதம், ஆண்டு, வரிக்கு ஒன்றாக. மறுபடி மூன்று சிறுகோடுகள். அதற்குக் கீழே கட்டுரை. தலையில் இருக்கும் இந்தப் பட்டி, 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய ஜெக்கில் என்ற தளம் கட்டும் நிரல் வழியாகப் பரவிய வழக்கம். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் வார்ப்புரு தனியாக வேறிடத்தில் கிடக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் நிரல் ஃபோல்டர் முழுக்க நடந்து, ஒவ்வொரு கோப்பையும் வார்ப்புருவில் ஊற்றி, இதழ்வாரி உள்ளடக்கம், ஆசிரியர்வாரி அட்டவணை எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடும். தளத்தை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி கட்டினாலும் அதே தளம்தான் வரும். அதாவது கோப்புதான் அசல், தளம் அதன் ஒரு பிரதி. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருப்பதுதான் பெரும்பாலான பதிப்பு மென்பொருள்களிடம் எனக்குள்ள குறை.

தலைப்பட்டியில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே பெயரையும் மதிப்பையும் பிரிப்பது முக்காற்புள்ளி. தமிழ்க் கட்டுரையாளர்களுக்கோ தலைப்பில் முக்காற்புள்ளி வைக்காமல் கை ஓடாது. இன்னார், முக்காற்புள்ளி, மரபும் மீறலும் என்று ஒரு தலைப்பு வந்தால் நிரல் அந்த இரண்டாவது முக்காற்புள்ளியில் தடுக்கி விழுந்து, தளம் கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டால் எழுந்துவிடும். (இதைச் சரிசெய்யாமலே விட்டால் நம் கட்டுரைத் தலைப்புகள் கொஞ்சம் உருப்படும் என்று சில நாள் தோன்றியதுண்டு.)

மாற்றும் வேலைக்கு பான்டாக். ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட நிரல். அவர் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். நிரல் எழுதுவது அவருக்குத் தொழில் இல்லை. எந்த வடிவத்தில் கோப்பு வந்தாலும் பான்டாக் முதலில் அதை ஒரு மரமாகப் பிரித்துக்கொள்ளும். இது தலைப்பு, இது பத்தி, பத்திக்குள் இது அழுத்தம், இது அடிக்குறிப்பு. பிறகு அந்த மரத்திலிருந்து வலைப்பக்கமாகவோ மின்னூலாகவோ அச்சுக்கான பிடிஎஃப் ஆகவோ எழுதித் தரும். நடுவில் நிற்கும் மரத்துக்கு எழுத்துரு, பக்க அளவு, நிறம் எதுவும் தெரியாது. சொல்லப்பட்டதில் எது எதற்குள் அடங்குகிறது என்பது மட்டும்தான் தெரியும். தத்துவக்காரர் செய்த வேலை என்பது அங்கே புரியும்.

இதுவரை எல்லாம் சுகம். தமிழ் உள்ளே வந்ததும்தான் விதிகளுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

குரூபர் தன் குறிமுறைக்குக் கறாரான இலக்கணம் எழுதவில்லை. ஒரு விளக்கக் குறிப்பும் நிரலும்தான் கொடுத்திருந்தார். அதனால் ஆளாளுக்கு ஒரு மார்க்டவுன் எழுதினார்கள். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிந்தது. 2014இல் ஜெஃப் அட்வுட், மெக்ஃபார்லேன் முதலானவர்கள் இதை ஒழுங்குபடுத்தி ஒரு வரையறை கொண்டுவந்தார்கள். முதலில் 'ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். குரூபர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு தேவை இருக்கும்போது ஒரே தரம் எதற்கு என்பது அவர் நிலை. பெயர் 'காமன்மார்க்' என்று மாறியது. அந்தச் சண்டையைப் படித்தபோது நான் வரையறைக்காரர்கள் பக்கம்தான் இருந்தேன். ஒழுங்கு வேண்டாமென்று யார் சொல்வார்கள்?

ஒரு நாவல் பெயரைத் தடிப்பெழுத்தில் காட்ட வேண்டும். 'கோபல்ல கிராம'த்தில் என்று எழுதுவது நம் வழக்கம். பெயர் மேற்கோள் குறிக்குள், வேற்றுமை உருபு வெளியே, இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு. மேற்கோள் குறிகளையும் சேர்த்து இரண்டு பக்கமும் இரட்டை நட்சத்திரம் போட்டால் இப்படி வரும்: **'கோபல்ல கிராம'**த்தில். காமன்மார்க் விதிப்படி, மூடுகிற நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால் பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ வர வேண்டும். இங்கே வருவது 'த்'. ஆகவே அது மூடுகிற நட்சத்திரமே இல்லை என்று விதி முடிவு கட்டிவிடுகிறது. பக்கத்தில் நான்கு நட்சத்திரங்களும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். மேற்கோள் குறியை விட்டுவிட்டு, பெயரின் இருபுறமும் அடிக்கோட்டுக் குறி போட்டுச் சாய்க்கலாம் என்றால் அதுவும் நடக்காது. மூடுகிற அடிக்கோட்டுக்குப் பின்னால் உடனே எழுத்து வந்தால் அதை மூடும் குறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இன்னொரு விதி. நிரலாளர்கள் மாறிகளுக்குப் பெயர் வைக்கும்போது இரண்டு மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைப்பார்கள். அந்தப் பெயர்கள் தப்பித்தவறிச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது.

இதில் வேடிக்கை, குரூபரின் பழைய பெர்ல் நிரலில் இந்த இரண்டுமே சரியாக வரும். அது அவ்வளவு யோசிப்பதில்லை. திறக்கும் நட்சத்திரத்தைப் பார்த்தால் மூடும் நட்சத்திரத்தைத் தேடும், கிடைத்தால் சரி. ஆங்கிலத்தில் சொல் முடிந்த இடத்தில் இடைவெளி வரும் என்று நம்பி வரையப்பட்ட ஒழுங்கு, சொல் முடிந்த பிறகும் ஐயும் ஆலும் குவ்வும் ஒட்டிக்கொண்டே போகிற ஒரு மொழியைக் கணக்கில் எடுக்கவில்லை. சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே தொல்லை; அவர்களுக்கு இடைவெளியே கிடையாது. வரைந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர்கள் முன்னால் இருந்த எழுத்து அப்படி.

பரிகாரம் எளிது. நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்கு உள்ளே தள்ளிவிட்டால் போதும். ஆனால் எங்கள் குழுவில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். 'கோபல்ல கிராமம்' நாவலில் என்று எழுதிவிட்டால் உருபு நாவலுக்குப் போய்விடும், பெயருக்குப் பின்னால் இடைவெளி கிடைக்கும். தட்டச்சு செய்கிறவருக்கு அதுதான் சுலபம். நான் பிடிவாதமாக மறுத்தேன். ஆசிரியர் எழுதிய வாக்கியத்தை நிரலுக்காகத் திருத்துவது என்று ஒரு முறை ஆரம்பித்தால் அது எங்கே நிற்கும்?

இணைய முகவரி இன்னொரு கூத்து. தலைப்பிலிருந்து தானாக முகவரி செய்யும் நிரல்கள் பல, எழுத்தும் எண்ணும் அல்லாததையெல்லாம் துடைத்துவிடும். புள்ளி, கொம்பு, கால், சுழி எதையும் சில நிரல்மொழிகள் எழுத்தாக எண்ணுவதில்லை. அவை எழுத்தின் மேல் ஒட்டிய தூசு. 'கட்டுரை' என்ற தலைப்பு 'கடடர' என்று வெளியே வரும். துடைக்காமல் அப்படியே விட்டாலோ, யாராவது அந்த முகவரியை வாட்ஸாப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்து, 'கட்டுரை' மட்டுமே 63 எழுத்து நீளத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாய் ஓடும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் என்று வரம்பு; தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட், ஆக 85க்கு மேல் போகாது. நம் தலைப்புகளில் சில அதையும் தாண்டும். கடைசியில் ஆண்டு, மாதம், வரிசை எண் என்று உணர்ச்சியற்ற முகவரிகளையே வைத்தோம். ஆசிரியர் அட்டவணையின் அகரவரிசையிலும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் ஜெயகாந்தன் ஞானக்கூத்தனுக்கு முன்னால் வந்துவிடுவார். ஜகரத்தைச் சகரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். கிரந்தம் கடைசியில் என்பது நம் அகராதி வழக்கம். வரிசைப்படுத்த வேறு விதி எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்வது வெறும் எழுத்துக் கோப்பு என்ற எண்ணத்தைக் குலைக்க இல்லை. ஆனால் 'வெறும்' என்று அதைச் சொல்லும்போது நமக்குள் ஒரு மயக்கம் இருக்கிறது. அலங்காரங்களையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்றைக்கும் அழியாத எழுத்து என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நம்பலாம். 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் பழைய கோப்புகளை இன்றைக்குத் திறந்தாலும் அவை திறக்கின்றன. தமிழில் எழுதியவருக்கு அந்தச் சொகுசு கிடைக்கவில்லை. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை முதலில் தனி எழுத்துருவுக்கான குறியீட்டில் வெளியிட்டது, பிறகு தகுதரம் என்னும் டிஸ்கிக்கு மாறியது, பிறகு யூனிகோடுக்கு. ஒவ்வொரு முறையும் நூல்களைப் புதுக் குறியீட்டுக்குக் கடத்த வேண்டியிருந்தது. அவையெல்லாமும் எழுத்துக் கோப்புகள்தான். எந்த அலங்காரமும் இல்லாதவை. இருந்தும் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தொல்காப்பியமும் திருக்குறளும் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளாகத் தெரிந்தன.

டிஸ்கியில் 'கொ' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் பதியும்: முதலில் கொம்பு, அடுத்து ககரம், அடுத்து கால். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. அந்த உயிர்க்குறியையும் ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துவிட்டுப் போனவர்கள், ஔகாரத்தில் ளகரத்தை ஒட்டவைத்தவர்கள் என்று இன்னொரு கூட்டம். எங்களுக்கு வந்த பழைய இதழ்களில் பல பேஜ்மேக்கர் கோப்புகள். அச்சகத்தில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயர் கோப்பில் இருந்தது, எழுத்துரு யாரிடமும் இல்லை. அச்சான பக்கத்தையும் கோப்பையும் அருகருகே வைத்து, எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்துக்கு என்று பட்டியல் போட்டுத்தான் வாசிக்க முடிந்தது. வெறும் எழுத்து என்பது இயற்கை அல்ல. இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று பலர் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட உடன்படிக்கை. உடன்படிக்கை நிற்கும் வரைக்கும் எழுத்து நிற்கும். யூனிகோடு உடன்படிக்கையில் குறை சொல்ல நமக்கு நிறைய இருக்கிறது. ஆனால் உலகமே கையெழுத்திட்ட ஒன்று தமிழுக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

மார்க்டவுனின் உண்மையான ஏழ்மை வேறு இடத்தில். கணினி பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்டது அது. நிரல் வரிகளுக்கு அதில் தனி மரியாதை உண்டு. நான்கு இடைவெளி விட்டு எழுதினால் நிரல் என்று புரிந்துகொண்டு, ஒரு புள்ளிகூட நகராமல் அப்படியே காட்டும். கவிதைக்கு ஒரு ஏற்பாடும் இல்லை. வரிகளையெல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக்கிவிடும். வரியை ஒடிக்க வேண்டுமென்றால் வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடைவெளிகள் விட வேண்டும். பல எழுதுமென்பொருள்கள் கோப்பைச் சேமிக்கும்போது அவற்றைக் குப்பை என்று கூட்டிப் பெருக்கிவிடும். பழைய வழக்கப்படி பத்தித் தொடக்கத்தில் நாலைந்து இடைவெளி தட்டுகிறவரின் கட்டுரை, பத்திக்குப் பத்தி சாம்பல் பெட்டிக்குள் நிரலாக உட்கார்ந்திருக்கும். கட்டுரை முடிவில் சிறுகோடு போட்டு ஆசிரியர் பெயர் எழுதினால் ஒரே ஓர் உருப்படி கொண்ட பட்டியல் முளைக்கும். காலவரிசைக் குறிப்பில் 1959, புள்ளி, 'எழுத்து' தொடங்கியது என்று எழுதினால் பழைய நிரல் 1959ஐ எடுத்துவிட்டு 1 என்று போடும். அந்த இதழை நடத்திய சி.சு. செல்லப்பா இதையும் ஒரு வகை விமர்சனமாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

படிக்கட்டு போல உள்தள்ளி எழுதிய புதுக்கவிதையின் உருவத்தைக் காப்பாற்ற மிகச் சுலபமான வழி, இது நிரல் என்று பொய் சொல்லிவிடுவது. அப்படிச் செய்த தளங்களைப் பார்த்திருக்கிறேன். கவிதை தட்டச்சு எழுத்துருவில், பெட்டிக்குள், மின்வாரியக் கணக்கட்டை மாதிரி இருக்கும். பான்டாக்கில் நல்ல வழி ஒன்று உண்டு. ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற இன்னொரு குறிமுறையிலிருந்து அது எடுத்துக்கொண்டது: ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் வரியும் உள்தள்ளலும் அப்படியே நிற்கும். கோப்பாகப் பார்த்தாலும் கவிதை கவிதையாகவே தெரியும். எங்கள் இதழ்களில் கவிதைதான் அதிகம் என்பதால் இந்த ஒரு வசதிக்காகவே பான்டாக்கை விடவில்லை.

ஆனால் எது கவிதை வரி, எது பக்க அகலம் போதாமல் அச்சகத்தில் ஒடித்த வரி என்பதை எந்தக் குறிமுறையும் சொல்லாது. பழைய இதழைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது இந்தக் கேள்வி பக்கத்துக்குப் பக்கம் வரும். ஏட்டுச் சுவடியில் மூலமும் உரையும் இடைவெளியின்றி ஓடும். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது, செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வருகிற மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பிரித்துக் குறித்ததெல்லாம் இந்த வேலைதான். மரத்தை வரைவது பதிப்பாசிரியன். நட்சத்திரமும் கோடும் அவன் முடிவைக் குறித்துவைக்கும் பென்சில்.

எழுதுகிறவர்கள் யாரும் மார்க்டவுனில் அனுப்புவதில்லை. அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்பதும் இல்லை. வேர்ட் கோப்பு வரும், வாட்ஸாப் செய்தியாக வரும், கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். வேர்டிலிருந்து வருவதில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஏராளம் தொற்றிக்கொண்டு வரும். அவற்றைச் சலிக்க ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறோம். சலித்த பிறகு நாங்கள் செய்கிற ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று ஒடித்துக்கொள்வது. ஒற்றை வரிமுறிவை மார்க்டவுன் பொருட்படுத்தாது, பக்கத்தில் பத்தி பத்தியாகவே வரும். கோப்பில் மட்டும் வாக்கியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கவிதையைக் கெடுத்த அதே விதி இங்கே உதவுகிறது. பிரையன் கெர்னிகன் 1970களிலேயே யூனிக்ஸ் புதியவர்களுக்கு எழுதிய கையேட்டில் இந்த ஆலோசனையைச் சொல்லியிருக்கிறார். பின்னால் திருத்துவது சுலபமாகும் என்பது காரணம்.

தமிழில் இதற்கு அவர் எதிர்பார்க்காத ஒரு பலன் இருக்கிறது. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. வரிக்கு ஒரு வாக்கியமாக நிறுத்தினால் வினைகள் எல்லாம் வரி ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கும். இருக்கிறது, இருக்கிறது, இருக்கின்றன, இருக்கிறது என்று ஒரு பத்தி முழுக்க ஓடினால் படிக்காமலே தெரிந்துவிடும். எனலாம், என்றே சொல்லலாம், என்றால் மிகையாகாது எல்லாம் அந்த ஓரத்தில்தான் பிடிபடும்.

எங்களுக்குத் தொடர்ந்து எழுதுகிற மூத்த விமர்சகர் ஒருவர் ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கட்டுரை திரையில் அந்தக் கோலத்தில் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா இது, உரைநடையைப் பிடிச்சு புதுக்கவிதையாக்கி வச்சிருக்க?"

"பக்கத்துல பத்தியாத்தான் சார் வரும். இது எங்க வசதிக்கு."

அவர் பதில் சொல்லாமல் மேலிருந்து கீழே வரி ஓரமாகவே படித்துக்கொண்டு போனார். 'என்பது குறிப்பிடத்தக்கது' மூன்று இடத்தில் இருந்தது. சுட்டெலியை வாங்கி முதல் இரண்டையும் அவரே வெட்டினார். மூன்றாவதை விட்டுவைக்கச் சொன்னார். அது நிஜமாகவே குறிப்பிடத்தக்கதாம்.